தீர்மானப் புத்தகம்

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு மருமகள் கையில் ஒரு நோட்டோடு வந்தாள். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்த நேரம் அது. அவள் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கூட்டத்தில் இவளைத் தலைவியாக்கி விட்டார்களாம்.

"மாமா, நீங்க ஹெட்மாஸ்டரா இருந்தவரு. கூட்டத்துல நான் என்ன பேசணும்? இல்ல, கையெழுத்து மட்டும் போட்டா போதுமா?" என்று கேட்டாள்.

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அன்று அவளிடம் சொன்னதையும், சொல்லத் தயங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது 1951. அப்போது வடக்கனந்தல் தென்னார்க்காடு மாவட்டம், கள்ளக்குறிச்சி தாலுகாவில் இருந்தது. கோமுகி அணை இன்னும் கட்டவில்லை. கச்சிராயபாளையத்தில் சர்க்கரை ஆலையும் கிடையாது. மேலே கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சமயம்தான் பள்ளியில் மதியச் சோறு போட ஆரம்பித்தார்கள். என் பாட்டி தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு கலயத்தில் போட்டு வைப்பார். வாரம் ஒருநாள் பள்ளியிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார். "ஏன் பாட்டி?" என்று கேட்டால், "நம்ம பள்ளிக்கூடம்டா" என்பார். அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் பாட்டி ஒருநாளும் கால் வைத்ததில்லை.

மதிய உணவு என்றதும் எல்லோரும் காமராஜரை நினைக்கிறோம், அது சரிதான். அரசின் உதவியோடு அந்தத் திட்டம் 1957 ஜூலையில் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 10 காசு கணக்கு. அதில் 6 காசுதான் அரசு தந்தது, மீதி 4 காசு ஊர்மக்கள் பொறுப்பு. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். என் பாட்டியின் பிடி அரிசி அந்த 4 காசைச் சேர்ந்தது.

அடுத்த வருடம், 1958-இல், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கியது. அப்போது கல்வித்துறை இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. முதல் மாநாடு செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் நடந்தது. பிறகு மாவட்டம் மாவட்டமாக நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள். முறை எளிமையானது. தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், மணி, தண்ணீர்ப் பானை, சுவருக்குச் சுண்ணாம்பு, கட்டடம் கட்ட நிலம் என்று பட்டியல் போகும். வசதியுள்ளவர் பணமும் நிலமும் கொடுப்பார், இல்லாதவர் உடல் உழைப்பைக் கொடுப்பார். கல்யாணச் சீர் போலத் தாம்பாளத்தில் வைத்து மேளதாளத்தோடு ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். இன்றும் சில ஊர்களில் 'கல்விச் சீர்' என்று நடக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இன்னும் பின்னால் போனாலும் இதே கதைதான். சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். வாத்தியாருக்குச் சர்க்கார் சம்பளம் கிடையாது. பிள்ளைகளின் வீட்டார் கொடுக்கும் காசும் தானியமும்தான் அவருக்கு வருமானம், மாதம் 6, 7 ரூபாயைத் தாண்டாது என்று மன்றோ எழுதினார். ஆக, பள்ளியை ஊர் சுமப்பது நமக்குப் புதிதில்லை.

இது பெருமைப்பட வேண்டிய வரலாறு. நானும் ஆசிரியர் தின விழாக்களில் இதைப் பேசிக் கைதட்டல் வாங்கியவன்தான். ஆனால் இந்தக் கதை முழுவதிலும் ஒன்று குறைகிறது. அரிசி கொடுத்தவரிடமும், மண் சுமந்தவரிடமும், பெஞ்சு வாங்கித் தந்தவரிடமும் "பள்ளியை எப்படி நடத்தலாம், நீங்கள் சொல்லுங்கள்" என்று யாரும் கேட்டதில்லை. பேசியவர்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள். எல்லாருக்கும் தெரிந்த நான்கைந்து வீட்டுக்காரர்கள். என் பாட்டி கொடுத்ததோடு சரி.

பிறகு காலம் மாறியது. 1981 ஜூனில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர் ஆனார்கள். ஒன்றியத் தலைவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்ற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது விடுதலை. மாதச் சம்பளம் தேதி தவறாமல் வந்தது, பிடிக்காத ஆசிரியரைத் தூக்கி அடிக்கும் உள்ளூர் அதிகாரம் போனது. இதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. 'நம்ம பள்ளிக்கூடம்' மெதுவாக 'கவர்மெண்டு பள்ளிக்கூடம்' ஆனது. கூரை ஒழுகினால் ஊர் மக்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் சென்னையைப் பார்த்தோம்.

நடுவில் மிஞ்சியது பெற்றோர் ஆசிரியர் கழகம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அதன் வினாத்தாள் தொகுப்பு நினைவிருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டுதான் இரவு கண் விழிப்பார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் கழகத்துக்கு ஒரு தலைவர், ஒரு பொருளாளர் என்று நிர்வாகிகள் இருப்பார்கள். காலிப் பணியிடத்துக்கு அரசு ஆள் போடும்வரை கழகத்தின் மூலம் சொற்பச் சம்பளத்தில் ஓர் ஆசிரியரை வைத்துக்கொள்வோம். நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்த வேண்டுமென்றால் ஊர்மக்கள் பங்காக ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், இடமும் காட்ட வேண்டும் என்ற விதி இருந்ததே, அந்தப் பணத்தை வீடு வீடாகத் திரட்டியதும் பல ஊர்களில் இந்தக் கழகத்துக்காரர்கள்தான்.

ஆனால் தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள்? ஊரில் செல்வாக்குள்ளவர். அவர் பிள்ளை பெரும்பாலும் டவுனில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும். தலைவரின் பிள்ளை படிக்காத பள்ளிக்குப் பெற்றோர் கழகத் தலைவர்! அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிகளில் ஒன்று மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன உயர்நிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். கணக்குக்கு ஆள் இல்லாமல் கழகத்தின் மூலம் ஒரு பெண்ணை வைத்திருந்தோம். பிள்ளைகளில் பாதிப்பேர் கரும்பு வெட்டப் போகும் குடும்பத்தார். ஆலை ஓடும் மாதங்களில் அப்பா அம்மா விடியும் முன் போனால் இருட்டித்தான் வருவார்கள். மலைக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்து படித்த பிள்ளைகளும் உண்டு. அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது மறுநாள் காலைதான்.

கழகக் கூட்டத்தை நான் எப்போது வைப்பேன் தெரியுமா? வேலைநாளில், காலை 11 மணிக்கு. எனக்கும் ஆசிரியர்களுக்கும் அதுதான் வசதி. ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? எண்ணிக்கை போதாதே என்று தீர்மானத்தை நானே எழுதி, தீர்மானப் புத்தகத்தை அலுவலக உதவியாளர் கையில் கொடுத்து வீட்டுக்கு வீடு அனுப்புவேன். அவரும் மாலை ஏழு மணிக்குமேல் போய் முப்பது கையெழுத்தோடு திரும்புவார். "இன்று கூடிய கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று மேலே என் கையெழுத்தில் அழகாக எழுதியிருக்கும்.

ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வில் பத்தாம் வகுப்பு மிகவும் மோசம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் மேலிடத்தில் பதில் சொல்ல முடியாது. சனவரியிலிருந்து மாலை ஆறரை வரை சிறப்பு வகுப்பு என்று முடிவு செய்தோம். ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். நான் விடவில்லை. பெற்றோர் சம்மதம் வேண்டுமே? வழக்கம்போலத் தீர்மானப் புத்தகம் ஊரைச் சுற்றி வந்தது.

பிப்ரவரி நடுவில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது பத்தாம் வகுப்பில் இரண்டு பெண்கள் மூன்று வாரமாக வரவில்லை. இருவரும் மேல் கிராமத்துப் பிள்ளைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன்.

முதல் வீட்டில் அம்மா இருந்தார். அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். என்னைப் பார்த்ததும் பாய் விரித்து உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிள்ளையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"ஆறரைக்கு வகுப்பு வுட்டா பஸ்ஸு ஏதுங்க சார்? ரெண்டு நாளு தெரிஞ்சவங்க வூட்டுல தங்குச்சு. வயசுப்புள்ள. தினமும் அப்படி வுட முடியுங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. "நீங்களும் சேர்ந்துதானேம்மா முடிவு பண்ணீங்க? தீர்மானத்துல உங்க கையெழுத்து இருக்குதே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அதுங்களா சார் அது? பீஸ் கட்டாததுக்கு ஏதோ பள்ளிக்கூடத்துல கையெழுத்துக் கேக்கறாங்கன்னு போட்டேன். என் புள்ளைய நிறுத்தறதுக்கு நானே கையெழுத்துப் போட்டுட்டனா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குற்றம் சாட்டவும் இல்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது, பஸ் ஆடியதால் அல்ல.

அடுத்த வாரம் இரவு ஏழரைக்கு, பள்ளியில் அல்ல, மேல் கிராமத்துக் கோயில் திண்ணையில் கூட்டம் வைத்தேன். இரண்டு ஆசிரியர்கள் கூட வந்தார்கள். இரவு தங்கித்தான் திரும்ப வேண்டும் என்று தெரிந்தும் வந்தார்கள். வயலிலிருந்து வந்த கோலத்திலேயே அறுபதுக்கும் மேற்பட்டோர் கூடிவிட்டார்கள். நான் எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். யாரோ ஒரு பெரியவர் சொன்னார்: "சாயங்காலம் வேணாங்க சார். காலைல மொத பஸ்ஸு ஏழே முக்காலுக்கே கீழ எறங்குது. புள்ளைங்க சும்மாதான் மரத்தடியில குந்திக் கெடக்குதுங்க. அப்ப நடத்துங்களேன்."

அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு வகுப்பு. அந்தப் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது ஆறு வருடமாக அந்தப் பள்ளியில் இருந்த எங்கள் யாருக்கும் தெரியாது. நாங்கள் ஒன்பதேகாலுக்குத்தான் வருவோம். கூட்டத்துக்கு வந்திருந்த இரண்டு ஆசிரியர்களும் காலையில் மாறி மாறி வர ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டு பெண்களில் ஒருத்தி திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். இன்னொருத்திக்கு அதற்குள் நிச்சயம் செய்துவிட்டார்கள். நான் இரண்டு முறை போய்ப் பேசியும் பலனில்லை. அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டது. அடித்தது நான்தான்.

நான் 2009-இல் ஓய்வு பெற்றேன். அதே ஆண்டுதான் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைச் சொன்னார்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். உயர்நிலைப் பள்ளிகளுக்கு அதே காலத்தில் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தில் தனியாக ஒரு மேலாண்மை மேம்பாட்டுக் குழு வந்தது. பல வருடங்கள் இவை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தன. 2022-இல் தமிழ்நாட்டில் இவற்றைப் புதுப்பித்தார்கள். 20 பேர் கொண்ட குழு, அதில் 15 பேர் பெற்றோர், தலைவர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய். 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினார்கள். டவுனில் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு இங்கே தலைவராக இருக்க முடியாது என்ற ஒன்றுக்காகவே இந்த விதியை எழுதியவரை நான் கும்பிடுவேன்.

வெளிநாடுகளில் இன்னும் தூரம் போயிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரப் பள்ளிகளுக்கு 1988-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் 6 பெற்றோர், 2 ஊர்க்காரர், 2 ஆசிரியர், தலைமையாசிரியர் கொண்ட குழு. தலைமையாசிரியரை நான்கு வருட ஒப்பந்தத்தில் நியமிப்பதே அந்தக் குழுதான். நியூசிலாந்தில் 1989 முதல் ஒவ்வொரு பள்ளியையும் பெற்றோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம் நடத்துகிறது. ஆசிரியர்கள் தரப்பில் ஒருவர், உயர்நிலைப் பள்ளியென்றால் மாணவர் தரப்பில் ஒருவர்கூட அதில் உண்டு. சின்ன ஊர்ப் பள்ளிகளுக்கு அது பெரிய சுமை என்ற பேச்சும் அங்கே இருக்கிறது. நமக்கு அவ்வளவு வேண்டுமா என்றால், ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் ஊரில் இருப்பதை நான் விரும்ப மாட்டேன். சாதியும் கட்சியும் அதற்குள் வந்து உட்காரும். ஒன்றியத் தலைவர் வாசலில் நின்ற பழைய ஆசிரியர்களை நான் மறக்கவில்லை.

"பெற்றோர் வந்து எங்களைக் கண்காணிப்பதா?" என்று கேட்கும் ஆசிரியர்களின் பயமும் எனக்குப் புரிகிறது. பின்னங்கள் எப்படிச் சொல்லித் தர வேண்டும் என்பது ஆசிரியரின் வேலை. ஆனால் பஸ் எத்தனை மணிக்கு, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பிள்ளை ஏன் நின்றது, கரும்பு வெட்டுக் காலத்தில் யார் வீட்டில் சமையல் இல்லை என்பதெல்லாம் பெற்றோருக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

எதிர்வீட்டு மருமகளிடம் அன்று மூன்று விஷயம் சொன்னேன்.

"ஒண்ணு, வாய்விட்டுப் படிச்சுக் காட்டாம எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போடாத. ரெண்டு, கூட்டத்துக்கு வராதவங்க யாரு, ஏன் வரலன்னு கேட்டு நோட்டுல எழுது. வந்தவங்க பேரு தானா எழுதிடுவாங்க. மூணு, வாத்தியாருங்ககிட்ட சண்டை போடாத. ஆனா கேக்கறத நிறுத்தாத."

"இவ்ளோதானா மாமா?" என்றாள்.

"இவ்ளோ தெரிஞ்சுக்க எனக்கு அம்பது வயசு தாண்டிடுச்சும்மா" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் அன்று அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

குழுக் கூட்டம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று வைத்திருந்தார்கள். இரண்டாவது கூட்டம் முடிந்து அந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் கையெழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. வராதவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் காரணம் எழுதியிருந்தாள். 'நடவு', 'நடவு', 'மாமியாருக்கு உடம்பு முடியல', 'பெங்களூர் போயிருக்கு', 'நடவு'. கீழே ஒரு வரி: 'அடுத்த கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கலாமா என்று ஹெச்.எம். அம்மாவிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள்.'

முப்பத்து மூன்று வருடப் பணியில் எத்தனையோ தீர்மானப் புத்தகங்களை எழுதி நிரப்பியிருக்கிறேன். எதிலும் இப்படி ஒரு பக்கம் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்துப் பார்த்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.